புனிதரின் கழுத்தில் கிடந்த கயிறு

இதைக் கண்டெடுப்பவர் யாராயினும் கெஞ்சிக் கேட்கிறேன்: நாளை நான் மேடையேறும்வரை எவரிடமும் காட்டாதீர்கள். பங்குச்சாமியார் எழுதித் தந்த வாழ்த்துரையை விட்டுவிட்டு இதைத்தான் பேசப்போகிறேன்.

அவைக்கு அணியான தலைவர் அவர்களே! பங்குச்சாமியார் அவர்களே! அரோனா நகரப் பெரியோர்களே! ஏரிக்கரைத் தாய்மார்களே! கறுப்பு முக்காட்டோடு கடைசி வரிசையில் நிற்கும் தெரேசினா அக்கா, உங்களுக்கும் என் வணக்கம்!

அண்ணாந்து பாருங்கள். செம்பு மேனியில் செவ்வெயில் சிந்த, வானளாவ நிற்கிறார் நம் புனித கார்லோ. உள்ளே கூடான அந்தச் செம்புச் சிலைக்குள் ஏறிப் பழுது பார்த்தபோதுதான் தெரேசினா அக்காவின் கணவர் ஒத்தாவியோ விழுந்து இறந்தார். குடித்திருந்தார் என்றது ஊர். குடித்திருந்தாரா? அப்பாவுக்குப் பொலெந்தாக் களி கொண்டுபோன நான் ஏணியடியில் நின்றிருந்தேன். மேலே பேசியது கிணற்றுக்குள் பேசுவதுபோல் முழங்கியது.

"மேஸ்திரி, தோள்பக்கம் தகடு ஆடுது. இடுப்புல ஒரு கயிறு கட்டிக்கிறேனே."

"புனிதருக்குள்ள நின்னுக்கிட்டு கயிறா? அவரு புடிச்சுக்க மாட்டாரா? கல்யாணம் ஆனதும் பய பயந்தாங்கொள்ளி ஆயிட்டான்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். ஒத்தாவியோவும் சிரித்தார். முதலில் கயிறு கீழே விழுந்தது. சற்று நேரத்தில் அவர் விழுந்தார்.

யார் அந்த மேஸ்திரி என்கிறீர்களா? என் அப்பா பத்திஸ்தா. முணுமுணுக்காதீர்கள் ஐயா, முடிக்க விடுங்கள்!

புனிதருக்குள் கயிறு கட்டுவது அவரை நம்பாத பாவம் என்று நமக்கு யார் சொன்னார்கள்? மிலான் நகரில் கொள்ளைநோய் கொன்று குவித்தபோது, தவக்கோலத்தில் வெறுங்காலோடு வீதிவீதியாய் நடந்தாரே, அன்று அவர் கழுத்தில் கிடந்தது என்ன? பொன்மாலையா? பூமாலையா? கயிறு! மக்களுக்காக அவர் கழுத்திலேயே கட்டிக்கொண்டதை இடுப்பில் கட்டிக்கொள்ள நமக்கு வெட்கமா?

இந்தக் கூட்டம் முடிந்ததும், புனிதரின் கண்வழியே திருவிழாக் கொடியை நீட்ட அப்பா உள்ளே ஏறப்போகிறார். கயிறின்றி ஏறப்போகிறார்.

அப்பா! ஒத்தாவியோ குடிக்கவில்லை என்று தெரேசினா அக்காவின் முகம் பார்த்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கயிறு கட்டிக்கொண்டு ஏறுங்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம்தான். ஆனாலும் நீங்கள் எனக்கு உயிரோடு வேண்டும்.

பொறுத்திருந்து கேட்ட அனைவருக்கும் நன்றி கூறி, புனிதரின் காலடியில் தலைதாழ்த்தி, உங்களை வண

கதவைத் தட்டுகிறார்கள்.

"லீவியா, இன்னும் தூங்கலையாம்மா? கொடியை எங்க வச்சே? நாளைக்குக் கூட்டம் முடிஞ்சதும் நான் மேல ஏறணும்."