மிச்சத்தையும் சொல்லுங்க

அவ்வளவுதானா? இல்லீங்க மேடம், டாக்டரம்மா கையை ஆட்டி ஆட்டி அவ்வளவு நேரம் பேசினாங்க. நீங்க என்னடான்னா, மலத்துல புழு இருக்கு, மாத்திரை தராங்கன்னு முடிச்சிட்டீங்க. மிச்சமெல்லாம் எங்க போச்சு?

கோவிச்சுக்காதீங்க. மொழிபெயர்க்கத்தான் உங்களை வச்சிருக்காங்கன்னு தெரியும். நீங்க எந்த ஊருன்னு நான் கேக்கல, நீங்களும் கேக்காதீங்க. அக்கான்னும் கூப்பிட மாட்டேன். ஒட்டும் உறவும் வந்தா நாக்கு நீளும்.

எச்ஐவிதானே? சத்தமாவே சொல்லுங்க, தெரிஞ்சதுதான். நாலு மாசமா மாத்திரை போடுறேன். என்னது, ஈரல்லயும் வைரஸா? மஞ்சக்காமாலைக் கிருமியா? பாத்தீங்களா, துருவினாத்தான் வருது! அதுக்குத் தனி மருந்தான்னு கேளுங்க. ஓ, இப்பப் போடுற மாத்திரையே ரெண்டுக்கும் கேக்குமா. நானா நிறுத்தினா ஈரல் கெட்டுப்போகுமா? இதைப் போயி விட்டீங்களே மேடம்.

நான் ஒண்ணும் சந்தேகப் பிராணி இல்லீங்க. போன வருஷம் ஓட்டல் சலவைக்கூடத்துல ஈரப் போர்வையைத் தூக்கும்போது மயங்கி விழுந்து, இதே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அன்னைக்குக் கூட வந்தவருதான் மொழிபெயர்த்தாரு. அந்த டாக்டரும் இப்படித்தான் நீளமாப் பேசினாரு. என் காதுக்கு வந்தது, உனக்கு ரத்தம் கம்மி, நல்லா சாப்பிடு. அவ்வளவுதான்.

சாப்பிட்டேன், வேலைக்கும் போனேன். எட்டே மாசம். முப்பத்தெட்டு கிலோவுக்கு இறங்கி, வாயெல்லாம் வெள்ளையாப் படிஞ்சு, தண்ணிகூட இறங்காமத் தூக்கிட்டு வந்தாங்க. அப்ப போன்ல வேற ஒருத்தர் மொழிபெயர்த்தாரு. நோயைப் பத்தி எனக்கு எப்பவோ சொல்லியாச்சுன்னு ஃபைல்ல இருக்காம். மருந்து வேண்டாம்னு நானே சொன்னேனாம். நான் எங்கீங்க வாயைத் திறந்தேன்?

கேக்காம விடுவேனா? அன்னைக்குக் கூட வந்தவரைக் கேட்டேன். அழுதாரு. தெரிஞ்சா நீ தூக்குல தொங்கிருவியோன்னு பயந்துட்டேன்னாரு. இருக்கலாம். ஆனா போன வருஷம் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரில இருந்து வந்த அன்னைக்கே வீட்டுல எனக்குன்னு தனித் தட்டு, தனி டம்ளர். குழந்தைங்களைத் தூக்க விடல. வீட்டுல அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு, நோய்க்காரிக்கு மட்டும் தெரியல.

ம்? புருஷன் இல்லீங்க, எனக்குக் கல்யாணம் ஆகல. கூடப் பொறந்த அண்ணன். வெளியில பெஞ்சில நீலச் சட்டை போட்டு உக்காந்திருக்காரே, அவருதான். நானும் உள்ள வரட்டுமான்னு கேட்டாரு.

சரி, புழு மாத்திரை எத்தனை நாளைக்குன்னு கேளுங்க.