குச்சி இல்லாத ராக்கெட்

மாலை நாலு ஐம்பதுக்கு, பட்டாசு ஆலைகள் நிறைந்த வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அந்த வழியாகப் பேருந்தில் வர வேண்டிய என் மகள் ஐந்தரை ஆகியும் வரவில்லை. அவள் ஃபோன் அணைந்திருந்தது. சிவகாசி பேருந்து நிலையத்தில் என் பின்னால், பட்டாசு கம்பெனி வேலை முடிந்து வந்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“என்ன சொல்லு, அந்த ராக்கெட்டுல குச்சி இல்லலே,” என்றார் மீசைக்காரர். சிறுவயதில் டிவியில் பார்த்த விண்வெளித் தொடரைப் பற்றித்தான் பேச்சு. “குச்சி இல்லாம எப்படி நேராப் போகும்?”

“அங்கன காத்தே கிடையாதுலே,” என்றார் கண்ணாடிக்காரர்.

“காத்து இல்லன்னா திரி எப்படி எரியும்?”

“ஹீரோ உள்ள இருந்து பத்த வச்சிருப்பான்.”

“பத்த வச்சவன் ஓட வேண்டாமா? உள்ளயேவா உக்காந்திருப்பான்?”

“அதாம்லே ஹீரோ!”

இருவரும் சிரித்தார்கள். நான் மறுபடி ஃபோன் செய்தேன். பதில் இல்லை.

“ராக்கெட்டு வெடிக்கப் போற நேரம் பார்த்து, தொடரும்னு போட்டுருவான். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்காது,” என்றார் மீசைக்காரர்.

“மறுவாரம் ஒரு கீறல் இல்லாம இறங்கி வருவான். நீதான் மெலிஞ்சு போயிருப்ப.”

ஆறு மணிக்குப் பேருந்து வந்தது. ஒரு கீறல் இல்லாமல் மகள் இறங்கினாள். வெடிச் சத்தத்தைச் சொல்லி அவளைக் கட்டிக்கொண்டேன்.

“பஸ் பஞ்சர்மா, ஃபோன்ல சார்ஜ் இல்ல. குவாரி வெடிக்கா இம்புட்டு பயந்தீக? பசிக்குது.”