பொட்டு வைத்த கேமரா

சங்கத் தலைவர் வேல்சாமி ஐயா அவர்களே, உப்பள உரிமையாளர் பாண்டித்துரை ஐயா அவர்களே, வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் வாலிநோக்கத்துத் தாய்மார்களே, வணக்கம். நான் கவிப்ரியா, பத்தாம் வகுப்பு. என் அம்மா இதே உப்பளத்தில் கூடை சுமக்கிறார். மறைந்த சங்கத் துணைத் தலைவி நாகலெட்சுமி அம்மாவைப் பற்றிப் பேச என்னை அனுப்பியவர்களும் கூடை சுமப்பவர்கள்தான்.

நாகலெட்சுமி அம்மா யார்? குடிதண்ணீர்த் தொட்டிக்கு மூடி போட வைத்தவர். கைக்குழந்தைக்காரர்களுக்கு நிழல் கொட்டகை கேட்டு வெயிலில் உட்கார்ந்தவர். லாரி நகரும்போது இடப்பக்கம் ஆள் நிற்க வேண்டும் என்று சண்டை போட்டுக் கிளீனரைக் கீழே இறக்கியவர்.

அந்தக் கிளீனரை இந்த ஆண்டு வேலையிலிருந்து நிறுத்தினீர்கள், பாண்டித்துரை ஐயா. லாரியில் இரண்டு கேமரா மாட்டியாயிற்று, ஆள் எதற்கு என்றீர்கள். அவை என்ன செய்யும் என்று நான் தேடிப் படித்தேன். உள்ளே இருப்பது ஓட்டுநரின் கண்ணையும் தலையையும் பார்க்கும். கண் சொக்கினால், முகம் திரும்பினால் கத்தும். வெளியே இருப்பது, இடப்பக்கக் கண்ணாடியில் விழாத இடத்தை ஓட்டுநர் முன்னால் இருக்கும் திரையில் காட்டும். காட்டும், அவ்வளவுதான். வண்டியை நிறுத்தாது.

ஆயுத பூஜையன்று லாரிக்குப் பொட்டு வைத்தீர்கள். வெளிக் கேமராவின் கண்ணிலும் சந்தனம், குங்குமம். மறுநாள் நாகலெட்சுமி அம்மா கேட்டார்: "ஏலே வசந்தா, கண்ணுன்னு வாங்கி மாட்டிட்டு, அது மேலயே அப்பி வச்சிருக்கீக. எப்படிடா பாக்கும்?" எல்லோரும் சிரித்தோம். ஓட்டுநர் வசந்தகுமார் அண்ணன் துடைக்கப் போனார். "சாமிக்கு வச்சதத் தொடைக்காத, தானா உதுந்துரும்" என்று தடுத்தது யார்? நீங்கள்தானே ஐயா?

"அப்ப எட்டிப் பாத்து ஓட்டுடா" என்றார் அம்மா.

"எட்டிப் பாத்தா உள்ள இருக்கது கத்துது சின்னம்மா. மொதலாளி போனுக்கும் போயிருது. அவருகிட்ட யாரு ஏச்சு வாங்குறது?"

இரண்டு கேமராவும் சேர்ந்து செய்த வேலை இதுதான். ஒன்றுக்குத் தெரியவில்லை. மற்றொன்று, பார்க்க விடவில்லை. அடுத்த வாரம் தலையில் கூடையோடு அவர் இடப்பக்கம் வந்தபோது திரையில் சந்தனத்தின் மஞ்சள்தான் இருந்தது. லாரி திரும்பியது.

"கேமரா இருந்தும் அந்தம்மா கவனிக்காமல் வந்துவிட்டார்" என்று பத்திரிகைக்குச் சொன்னீர்கள். இறந்தவர் எழுந்து வந்து மறுத்துப் பேச முடியாது என்ற தைரியமா? வழக்கும் வசந்தகுமார் அண்ணன் மேல்தானா?

கேமரா வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பொட்டைத் துடைத்தாலும் உப்புக்காற்று அதன் மேல் படியும். உச்சி வெயிலில் திரை வெளுத்துப்போகும். "நில்லு" என்று கத்தி லாரியைத் தட்ட, கீழே ஒரு மனிதர் வேண்டும்.

நாளைக்கும் லாரி வரும். ஆள் இறங்கி நிற்கும்வரை ஒரு கூடை உப்பும் அதில் ஏறாது. நாகலெட்சுமி அம்மா விட்ட இடத்திலிருந்து எங்கள் அம்மாக்கள் எடுத்திருக்கும் முடிவு இது.

அடுத்துப் பேசப்போவது நீங்கள், பாண்டித்துரை ஐயா. அவருடைய பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறார்கள். கவனக்குறைவு யாருடையது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.