பச்சைக் கவர்

புவனா: இது பச்சைக் கவர் குப்பாயிக்கா. உங்களுது சிவப்பு.

குப்பாயி: பச்சைங்களா... எங்க, காட்டுங்க. நேத்து வாங்கிட்டு வந்த பைய இன்னும் பிரிக்கவே இல்லீங்க.

புவனா: இது சுகர் மாத்திரை. வாழவந்தி மாரியம்மாக்காவோடது. உங்களுது பிரஷர் மாத்திரை. போன ரெண்டு மாசமும் இதே கதைன்னு ரெஜிஸ்தர்ல இருக்குது. அதான் ஆஸ்பத்திரியில இருந்து என்னைய அனுப்பினாங்க.

குப்பாயி: கண்ணு மங்கலுங்க நர்சம்மா... வயசாச்சு...

புவனா: அம்பத்திரண்டா? காயில கை படாம காப்பிப் பழத்த மட்டும் பறிக்கறவங்க நீங்க. எஸ்டேட் ஆளுங்களுக்குச் சிவப்பும் பச்சையும் தப்பவே தப்பாதுன்னுதான் இந்தக் கலரே வெச்சோம்.

குப்பாயி: ஒரு வாய் காப்பி வெக்கட்டுங்களா?

புவனா: அப்புறம் வெக்கலாம். சுகரே இல்லாத நீங்க இத முழுங்கி, மயங்கி விழுந்திருந்தா?

குப்பாயி: முழுங்கினாத்தானுங்களே. அவளும் என்றத முழுங்க மாட்டா.

புவனா: அது எப்படி உங்களுக்குத் தெரியும்?

குப்பாயி: அது... சும்மா ஒரு நெனப்புத்தானுங்க.

புவனா: இங்க பாருங்கக்கா. இனியும் மாறினா, மாத்திரைய ஊட்டுக்கே கொண்டாந்து குடுத்தறலாம்னு பேசிட்டிருக்காங்க. நீங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கே வர வேண்டியதில்ல.

குப்பாயி: அது வேண்டாங்க.

புவனா: நல்லதுதான? ஏன் வேண்டாம்?

குப்பாயி: அந்த பஸ்ஸாவது இருக்குதுங்களே...

புவனா: எந்த பஸ்?

குப்பாயி: திரும்பி வர்ற பஸ்ஸுங்க. அவளும் நானும் ஒரே சீட்டு. கால் மணி நேரம். நான் எஸ்டேட் கேட்ல எறங்கிருவேன், அவ வாழவந்திக்குப் போயிருவா.

புவனா: அக்கா... கவர மாத்தி வெச்சது நீங்கதானா?

குப்பாயி: மாத்தி வெச்சா மறுநாளு அதத் தூக்கிட்டு அவ இங்க வந்துதான ஆவோணும்?

புவனா: பாக்கோணும்னா சும்மா போய்ப் பாக்கறதுதான?

குப்பாயி: சும்மா போனா ஊட்டுல கேப்பாங்க, எதுக்குப் போறேன்னு. மாத்திரை மாறிப் போச்சுன்னா ஆரும் கேக்கறதில்லீங்க. இருவது வருசம் ஒரே வரிசையில நின்னு பழம் பறிச்சோம். அவ புருசன் செத்துப் போனதும் மகன் அவள வாழவந்திக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். அப்புறம் எங்களுக்குன்னு இருந்தது உங்க ஆஸ்பத்திரி பெஞ்சு ஒண்ணுதான். ஒரே தூக்குப் போசியில சோறு தின்னுட்டு உக்காந்திருப்போம்.

புவனா: மூணு மணி நேரம் காக்க வெச்ச பெஞ்சு அது. சேலம் காலேஜ்ல இருந்து வந்த பிள்ளைங்க எட்டு நாள் உங்களோடயே உக்காந்து, கஷ்டத்தையெல்லாம் கேட்டு எழுதித்தான் ஆளுக்கொரு நேரம்னு டோக்கன் போட்டாங்க. இப்ப பத்தே நிமிசத்துல அனுப்பிடறோமே.

குப்பாயி: நல்ல பிள்ளைங்க. எத்தன நேரம் உக்காந்திருக்கீங்கன்னு கேட்டாங்க. ஆரோட உக்காந்திருக்கீங்கன்னு கேக்கலீங்க... நான் அவள நொம்பத் தேடறனுங்க.

புவனா: காப்பி வெக்கறேன்னீங்களே, வைங்கக்கா.

குப்பாயி: டாக்டர்கிட்டச் சொல்லிருவீங்களா?

புவனா: சொல்லித்தான் ஆவோணும். சொல்லிட்டு, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல டோக்கன் கேக்கறேன். மாத்திரை வாங்கினப்புறம் எத்தன நேரம் வேணா உக்காந்து பேசுங்க. ஆனா இனி கவர்ல கை வெக்கக் கூடாது.

குப்பாயி: வெக்க மாட்டேன் சாமி. ஆனா ஒண்ணுங்க...

புவனா: என்ன?

குப்பாயி: மொத ரெண்டு மாசம் நாந்தான் மாத்தினேன். அவளுக்கு முட்டி வலி, கேட்டுல இருந்து அவ்வளவு மேடு ஏற வெக்கறமேன்னு இந்த மாசம் மனசு வரலீங்க. நான் தொடவே இல்ல... பஸ்ஸுல என்ற பை அவ மடியிலதான் இருந்துச்சு.