கருவாட்டைக் கிள்ளிப் பார்க்கிற நாக்கு

"குண்டிக்காய்ல நோவுன்னு போனா நெஞ்சுல மிஷினு வெச்சிப் பாக்குறானே, இவன் இன்னா டாக்டரு?"

கும்மிடிப்பூண்டி ரயிலில் எனக்கு எதிரே இருந்தவர் சொன்னது இது. சிறுநீரகத்தைத்தான் அப்படிச் சொன்னார். கருவாட்டு வியாபாரி என்பதை அவர் பையின் வாடையே சொல்லிவிட்டது. பக்கத்தில் முக்காடிட்ட மனைவி.

"குண்டிக்காய் நோவு நெஞ்சையும் புடிக்குமாம். உங்களுக்கு நெஞ்சு சதை இப்பத்தான் லேசா தடிக்குதாம். முன்னாடியே கண்டுக்கினது நல்லதாப் போச்சின்னாரே, காதுல வுழலியா? உப்பை வுட்டா ரத்தக் கொதிப்பு எறங்கும், நெஞ்சும் தேறும்னாரு."

"வுட்டுட்டேனே! ஊட்ல நீ ஊத்துற உப்பில்லாக் கஞ்சியத்தானே குடிச்சிக்கினு கெடக்குறேன்?"

"பழவேற்காட்டு சந்தையில?"

"அங்க நான் இன்னா துன்றேன்? வாங்குறதுக்கு முன்னாடி கருவாட்டைக் கிள்ளி நாக்குல வெச்சிப் பாக்குறேன். அது தொழிலு."

"கூடைக்குக் கூடை கிள்ளுறீங்க. காலையிலேருந்து உச்சி வரைக்கும்!"

 பொன்னேரி நெருங்கியதும் அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"நாக்குல வெக்காம உப்பு சரியா ஏறிச்சான்னு எப்டி கண்டுக்கிறது, மைமூன்?"

"நான் கூட வரேன். நாக்கு என்னுது, பேரம் உங்களுது."

"பொம்பள சந்தைக்கு வந்து கருவாடு கிள்ளுறதா? நாலு பேரு சிரிப்பாங்க."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"சிரிக்கட்டுமே. அந்தச் சிரிப்பைக் கேக்குறதுக்கு நீங்க பக்கத்துல இருப்பீங்க இல்ல?"