ஒரு குரங்குக் குல்லாவின் சாட்சியம்

நீதிமன்றத்தில் எங்களுக்காக நெஞ்சு நிமிர்த்தி வாதாடி, இன்று இந்த நிறைந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் வழக்கறிஞர் அம்மையார் அவர்களே, எங்கள் பாராட்டை ஏற்பதற்காகப் பரிசோதனைக் கூடத்தைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் அறிவியல் அதிகாரி அம்மையார் அவர்களே, முதுமையையும் முதுகுவலியையும் பொருட்படுத்தாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அன்று இடுப்பில் பிள்ளையோடு நின்று எங்கள் நாடகம் பார்த்து, இன்று அதே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, என் நாடகக் குழுத் தோழர்களே, அனைவரின் திருமுன்னும் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

என் முகம் உங்களுக்குத் தெரியாது. என் குரலும் தெரியாது. தெரிந்திருந்தால் நான் தோற்றேன் என்று பொருள். இதோ, இந்தத் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் அமர்ந்து, வசனம் மறந்தவனுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தவன் நான். நடிகன் காதில் விழ வேண்டும், நாலாம் வரிசையில் விழக்கூடாது. இன்றுதான் முதன்முறையாக வெளிச்சத்தில் நிற்கிறேன். நான் மறந்தால் எடுத்துக்கொடுக்க யாரும் இல்லை. என்ன, அங்கே அழுகாச்சி கை தூக்குகிறானா? உட்காரப்பா. உனக்கே நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அழுகாச்சியை உங்களுக்கு நினைவிருக்கும். எல்லா நாடகத்திலும் மகளுக்காகக் கண்ணீர் விடும் தகப்பன். எறும்பைக் கண்டால் ஒதுங்கி நடக்கிற மனிதன். அவனைத்தான் காவலர்கள் கொள்ளைக்காரன் என்று கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்தக் கதைக்கு வருமுன் அந்தக் காலத்துக்கு வாருங்கள். அலுவலகம் விட்டதும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்த மாலைகள். முகப்பூச்சின் மணம், மரப்பலகையின் முனகல், மூன்றாம் மணி அடித்ததும் விலகிய திரை. எங்கே போயின அவை? எவர் எடுத்துப் போனார்?

எங்கள் இயக்குநரை வாத்தியார் என்று அழைப்போம். அவர் எழுதிய துப்பறியும் நாடகத்தில் திருடன், கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட கம்பளிக் குரங்குக் குல்லாவால் முகம் மறைத்து வருவான். வாத்தியார் சொன்னார்: "முகம் தெரியலன்னாலும் நடைய வச்சு ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்கடா. அதனால காட்சிக்கு ஒருத்தன் மாத்தி மாத்திப் போட்டுக்கங்க. கடைசி வரைக்கும் இவன்தான்னு ஒருத்தரும் சொல்லக்கூடாது."

குல்லா தலைக்குத் தலை தாவியது. ஒருவன் வியர்வை காயுமுன் அடுத்தவன் தலையில் ஏறியது. "துவைக்கலாமே வாத்தியாரே, நாத்தம் குடலைப் புடுங்குது" என்றால், "துவைச்சா சுருங்கிடும், உன் மண்டைக்கு ஏறாது" என்பார். அவரது துணைவியார், எங்கள் அண்ணி, இதோ அமர்ந்திருக்கிறார். சிரிக்கிறார் பாருங்கள்.

பிறகு வாத்தியார் மறைந்தார். கட்டியிருந்த கயிறு அறுந்த விறகுக்கட்டானோம். ஒருவனுக்கு இடமாற்றம், ஒருவனுக்கு நோய், இருவருக்குள் மனத்தாங்கல். உடுப்புப் பெட்டி பழந்துணி வியாபாரியிடம் போயிற்று.

காலம் உருண்டது. ஒரு கடிகாரக் கடை உடைக்கப்பட்டது. காவலாளியின் மண்டை உடைந்தது. ஓடியவன் விட்டுச் சென்றது ஒரு குரங்குக் குல்லா. அதன் வாய்ப்பக்கத்தில் கிடைத்த டி.என்.ஏ.வைக் காவல்துறைக் கணினியில் போட்டார்கள். கணினி அழுகாச்சியைக் காட்டியது. அவன் விவரம் அங்கே எப்படிப் போயிற்று? முன்பு அவன் அலுவலகத்தில் ஒரு திருட்டு. ஊழியர் எல்லாரும் தாமாகவே முன்வந்து கன்னத்துக்குள் பஞ்சால் துடைத்துக் கொடுத்தார்கள். திருடன் அகப்பட்டான். கொடுத்தவர்களின் விவரம் மட்டும் கணினியை விட்டு வெளியே வரவில்லை.

குல்லாவின் படத்தைக் காவல் நிலையத்தில் கண்டதும் அண்ணி சொன்னார்: "இது நம்ம குல்லா. கண்ணு ஓட்டை கிழிஞ்சப்ப கருப்பு நூல் இல்லாம நான்தான் பச்சை நூல்ல தைச்சேன்." காவல் ஆய்வாளர் கெட்டவர் அல்லர். ஆனால் சிரித்தார். "நாடகம் முடிஞ்சு எத்தனையோ வருஷமாச்சும்மா. இந்தப் பொருத்தம் கோடியில ஒருத்தருக்குத்தான் வரும்."

கோடியில் ஒருவன்தான் அழுகாச்சி. அதில் எங்களுக்கும் ஐயமில்லை. கணினி பொய் சொன்னதா? இல்லை, அவையோரே, இல்லை. யாருடையது என்று கேட்டார்கள், சொன்னது. எப்போது வந்தது என்று கேட்டார்களா? எப்படி வந்தது என்று கேட்டார்களா? இன்னும் எவரெவர் உண்டு என்று கேட்டார்களா? கேட்காத கேள்விக்கெல்லாம் ஒரே விடையைப் பதிலாக எடுத்துக்கொண்டு, ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பினார்கள்.

அப்போது வந்தார்கள் என் தோழர்கள். ஊர் ஊராகச் சிதறியவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காவல் நிலையப் படியேறி வாயைத் திறந்து காட்டினார்கள். தம் தலையில் வழக்கு விழுமோ என்று அஞ்சவில்லை. மகள் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை என்று அழுகாச்சியோடு பேச்சை முறித்தவனும் வந்தான். "அவன் மொகத்துல முழிக்க மாட்டேன். ஆனா அந்தக் குல்லாவுல என் எச்சிலும் இருக்கு. எடுத்துக்கங்க."

அறிவியல் அதிகாரி அம்மையார் குல்லாவை மீண்டும் சோதித்தார். உச்சி, கழுத்து, கண்ணோட்டை, தையல் என்று இடம் இடமாக எடுத்தார். "கலந்து கிடக்கிறதைப் பிரிக்கிறது கஷ்டம். தெளிவாத் தெரியறதை மட்டும்தான் சொல்லுவேன்" என்றார். தெளிவாகத் தெரிந்தவர்களில் எங்கள் தோழர்கள் இருந்தார்கள். ஓர் அந்நியன் இருந்தான். பின்னர் வேறொரு கொள்ளையில் பிடிபட்டு, கடிகாரக் கடையையும் ஒப்புக்கொண்டவன் அவன்தான். இன்னும் ஒருவர் இருந்தார். எவரோடும் பொருந்தவில்லை. அந்த ஒருவரை அழுகாச்சியின் கூட்டாளி என்றது அரசுத் தரப்பு.

அண்ணி மெதுவாகக் கேட்டார்: "அது அவரா இருக்குமா? ஒத்திகையில அவர்தானே மொதல்ல போட்டு நடிச்சுக் காட்டுவார்?"

அண்ணியின் மகள் எழுந்து போய்த் தன் கன்னத்தைக் கொடுத்தாள். முடிவு வந்தது. தகப்பனுக்கும் மகளுக்கும் உள்ள பொருத்தம். வாத்தியார். உலகை விட்டுப் போனவர், அந்த ஊத்தைக் கம்பளிக்குள் எங்களோடு இருந்தார். அண்ணி சொன்னார்: "நல்லவேளை, மனுஷன் துவைக்க விடல." சொல்லிவிட்டு அழுதார். நாங்களும் அழுதோம். பேச்சை முறித்தவன் அழுகாச்சியின் மனைவியிடம் போய், "தங்கச்சி, அவன் வெளிய வந்தா மொத சாப்பாடு என் வீட்ல" என்றான். அழுகாச்சி வெளியே வந்தான். அங்கேதான் சாப்பிட்டான்.

நானும் பஞ்சு கொடுத்தேன். அம்மையார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, இதுல உங்களுது மட்டும் கிடைக்கல." எனக்குத் தெரியாதா? முக்காலியில் இருந்தவன் தலையில் குல்லா எப்படி ஏறும்? தெரிந்தும் மனம் வலித்தது. அத்தனை மாலைகளிலும் நானும் இருந்தேன், அவையோரே. அடையாளம்தான் இல்லை.

வழக்கு முடிந்து நீதிமன்றம் திருப்பித் தந்த குல்லா இந்த மேசைமேல் இருக்கிறது. அண்ணி, உங்கள் அனுமதியோடு எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். நாற்றம் அப்படியேதான் இருக்கிறது.

நாளை எவரேனும் இதைச் சோதித்தால் நானும் இருப்பேன். யாருடையது என்று அறிந்ததோடு நிற்காதீர்கள், எப்போது, எப்படி என்றும் கேளுங்கள். விடையை இப்போதே சொல்லிவைக்கிறேன்: இன்று மாலை, இந்த மேடையில், உங்கள் எல்லார் கண்ணெதிரிலும்.

குல்லாவுக்குள்ளிருந்து பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா? நாலாம் வரிசைக்கும் கேட்கிறதா? அது போதும். செவி தந்த உங்களுக்கு நன்றி, வாய் திறந்து உமிழ்நீர் தந்த தோழர்களுக்கு நன்றி, மீண்டும் ஒருமுறை பார்த்த அம்மையாருக்கு நன்றி. வணக்கம்.