சனி பிடித்த வயர்

காரைக்காலில் காருக்கு உப்புக்காற்றைவிடப் பெரிய எதிரி கிடையாது, சார். அது பெயிண்டைத் தின்பது எல்லோருக்கும் தெரியும். வயருக்குள் புகுந்து செம்பைப் பச்சையாக்குவது என்னைப் போன்ற ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குத்தான் தெரியும். என் பெயர் ஆனந்தராஜ், ஊர் கிளிஞ்சல்மேடு. நிதானமாக எழுதித் தரச் சொன்னதால் வயரிலிருந்தே தொடங்குகிறேன்.

போலகம் அம்பலவாணன் அய்யா போன பங்குனியில் தன் காரைக் கொண்டுவந்தார். ஏழெட்டு கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் இன்ஜின் பொட்டென்று நின்றுவிடும். இருபது நிமிடம் ஆறினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். இரண்டு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டி, அது காட்டிய சென்சாரை இரண்டு தடவையும் புதிதாக மாற்றிக் கொடுத்திருந்தார்கள்.

"ராஜத்துக்கு இழுப்பு தம்பி. வந்துச்சுன்னா ஆஸ்பத்திரியில மூச்சுக்கு மருந்து வச்சாத்தான் அடங்கும். வழியில நிக்காம இருந்தாப் போதும், வேற ஒண்ணும் வேணாம்" என்றார். ராஜம் அவர் மனைவி. அந்த வண்டி எதற்காக ஓட வேண்டும் என்பது எனக்கு முதல் நாளே தெரியும்.

இன்ஜின் சுழல்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்வது அந்தச் சென்சார். சேதி வராவிட்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். சென்சார் புதிது என்றால் சேதி வழியில்தான் தொலைகிறது. இதை யோசிக்க ஸ்கேனர் வேண்டாம், மண்டை வேண்டும். என் மனைவியின் ஹேர் டிரையரை எடுத்துவந்து, மீட்டரை மாட்டி, வயரை அங்குலம் அங்குலமாகச் சூடு காட்டினேன். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் நாலு அங்குலத்தில் மீட்டர் விழுந்தது. மேல்தோல் நன்றாக இருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்து இற்றுப்போயிருந்தது. சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டும். வண்டி நின்றபோது அதன்மேல் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒரே நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனது. அந்தத் துண்டை வெட்டி எடுத்து, புது வயர் வைத்து ஈயம் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் உறை போட்டு, சூடு படாத பக்கமாகக் கட்டினேன். முப்பது கிலோமீட்டர் நானே ஓட்டினேன். நிற்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அய்யா அந்த வண்டியிலேயே திருநள்ளாறு போய், நளதீர்த்தத்தில் முழுகி, எள்தீபம் போட்டு வந்தார். ஏழரைச் சனி நடக்கிறது என்று ஜோசியர் சொல்லியிருந்தாராம். அடுத்த வாரம் டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து, "ரெண்டு ஒர்க்‌ஷாப்பு, அப்புறம் இந்தத் தம்பி, யாராலயும் ஆவல. நளதீர்த்தத்துல ஒரே முழுக்கு. சனி விட்டுச்சு, வண்டி ஓடுது" என்றார்.

"நாலு அங்குல வயரை மாத்துனது நான்தாங்க அய்யா" என்றேன்.

"நாலு அங்குல வயரு! அதுக்குப் போயி பேரு கேக்குறியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அவருடைய சாமிக்கு வாகனமும் காக்கைதானே. எனக்கு வந்தது கோபம் இல்லை, சார். கோபம் என்றால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்ததும் தணிந்திருக்கும். இது வெறுப்பு.

பத்து நாள் கழித்து, இலவசமாக ஒருமுறை பார்த்துத் தருகிறேன் என்று வண்டியை வரவழைத்தேன். பழைய துண்டு என் டிராயரில் இருந்தது. அதையே திரும்ப வைத்துப் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு, பழையபடி சைலன்சர் பக்கமே கட்டினேன். சுத்தமான வேலை. வண்டியை நான் கெடுக்கவில்லை. எப்படி வந்ததோ அப்படியே கொடுத்தேன். நின்றதும் என்னிடம் வருவார், வந்து என் பெயரைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வரவில்லை. மூன்று தடவை நின்றது. மூன்று சனிக்கிழமை திருநள்ளாறு போனார்.

நான்காவது தடவை, கத்திரி வெயிலில், மதியம் இரண்டு மணிக்கு போன் செய்தார். அரசலாற்றுப் பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றிருந்தது.

"தம்பி, ராஜத்துக்கு மூச்சு முட்டுது. வண்டி கெளம்பல. வர்ற வண்டி எதையாச்சும் மறிக்கட்டுமா?"

"வேணாங்க அய்யா. இந்தா கெளம்பிடும். மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு வண்டியைச் சரி பண்ணது யாரு?"

"நீதான் தம்பி."

பின்சீட்டில் அந்த அம்மாவுக்கு இழுப்பது போனில் கேட்டது. ஒரு பாட்டில் தண்ணீரை வயர்மேல் ஊற்றச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் ஒப்புக்குச் சொன்ன மாதிரி இருந்தது. "மனசாரச் சொல்லுங்க" என்றேன். "நீதான்யா, நீதான்" என்று கத்தினார். கத்துவது மனசாரச் சொல்வது ஆகாது. மறுபடியும் கேட்டேன். அழுதுகொண்டே, நிறுத்தி நிறுத்தி, "ஆனந்தராஜுதான் சரி பண்ணான்" என்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது. பேனட்டைத் திறக்கச் சொல்லி, எங்கே ஊற்ற வேண்டும் என்று சொன்னேன். ஊற்றியதும் ஸ்டார்ட் ஆனது. இழுப்புச் சத்தம் அதற்கு முன்பே நின்றுவிட்டது.

துக்கத்துக்கு நானும் மாலையோடு போனேன். அவர் என்னை அடிப்பார், சட்டையைப் பிடிப்பார் என்றுதான் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு உன் நாக்குலயும் சனி உக்காந்துட்டான் தம்பி. அதான் அப்புடிக் கேட்ட. உன்னைச் சொல்லிக் குத்தமில்ல, எல்லாம் அவன் செயல்" என்றார். கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்தேன். வண்டியில் அந்த வயர் இன்னும் இருக்கிறது. ஸ்லீவைக் கிழித்துப் பாருங்கள். அந்த மாதிரிப் பற்றவைக்க இந்த ஊரில் வேறு கை கிடையாது. ராஜம் அம்மாவைக் கொன்றது நான். சனீஸ்வரன் இல்லை, சார். பெயரை மட்டும் தப்பில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.